நஸ்ருதீனின் பின்னால் வந்த அறை

சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போன வாரத்தில், சிராங்கூன் ரோட்டிலிருந்த கானவல்லி இசைத்தட்டுக் கம்பெனியின் மாடி குண்டு விழுந்து தெருவில் சரிந்தது. அதற்குள் இருந்த ஒலிப்பதிவு அறை மட்டும் சரியவில்லை. அதில் வேலை பார்த்த நஸ்ருதீன் ஊரை விட்டுக் கிளம்பியபோது, அதுவும் இறங்கி அவர் பின்னாலேயே நெகிரி செம்பிலானுக்கு வந்தது. சுவரோ கதவோ மைக்கோ வரவில்லை. வந்தது அறையின் நிசப்தம். பத்துப் பேர் நெருக்கி உட்காரும் அகலமும் ஓர் ஆள் கையை உயர்த்தினால் தொடாத உயரமும் அதற்கு இருந்தன. உள்ளே இலவம்பஞ்சு வாசமும் சூடான மெழுகு வாசமும் அடித்தன. வழியில் பார்த்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் அரிசி கிடைக்காததுதான் பெரிய செய்தி.

நஸ்ருதீனின் தகப்பனார் நாகூரிலிருந்து வந்து போர்டிக்சனில் துணி விற்றவர். நஸ்ருதீனுக்கு வியாபாரம் வரவில்லை. பேச்சே சரியாக வராது. இளம் வயதில் சிங்கப்பூருக்குப் போய், கம்பெனியில் பெட்டி தூக்கி, பிறகு மெழுகுத் தட்டில் ஊசி இறக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு, கடைசியில் அந்த அறைக்கே பொறுப்பாளர் ஆனார். அறையின் சுவர்களுக்குள் மெத்தை மெத்தையாகப் பஞ்சு அடைத்திருந்தார்கள். இரட்டைக் கதவைச் சாத்தினால் தெருவின் ரிக்‌ஷா மணி அறுந்து நின்றுவிடும். ஹார்மோனியமும் தபேலாவும் தயாரானதும் நஸ்ருதீன் வலது கையைத் தூக்குவார்; பாடகர் தொடங்குவார். கையை இறக்கினால் பதிவு முடிந்தது. பெரிய பாடகர்களும் அந்தக் கையைப் பார்த்துத்தான் மூச்சு இழுத்தார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முடிந்த பிறகும் சும்மா அந்த அறையில் உட்கார்ந்திருப்பார். அறைக்கு அவர்மேல் பிரியம் வந்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சிங்கப்பூரை ஜோகூரோடு சேர்க்கும் கடற்பாலத்தைச் செப்பனிட்ட பிறகு அவர் அந்த வழியாக நடந்தார். அவர் நடந்த இடத்தில் தவளைகள் வாயடைத்துப்போயின. அவர் தாண்டியதும் மறுபடி கத்தின. சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் அவருடைய அக்கா சைதூன் பீவி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். தம்பி உயிரோடு வந்ததில் ஒரு நாள் முழுக்க அழுதார். மறுநாள் கடையில் ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்கவில்லை. ஒருவர் காப்பி கேட்டுக் கேட்டு, வாயசைவது மட்டும் தெரிந்து, கோபித்துக்கொண்டு எழுந்து போனார். சைதூன் பீவி ஒரு வாரம் பொறுத்தார்.

“இந்த ரூமை வெச்சுக்கிட்டுக் கடை நடத்த முடியாது தம்பி,” என்றார். “தோட்டத்துப் பக்கம் போய் இரு. அங்க இடம் விஸ்தாரமா கிடக்கு. மண்டோர்கிட்ட நான் சொல்லியிருக்கேன்.”

“சரி லாத்தா,” என்றார் நஸ்ருதீன். அறையையும் அழைத்துக்கொண்டு போனார்.

செண்டாயானுக்கு அப்பால் இருந்தது கல்லுமலைத் தோட்டம். அதற்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லும் துரை ஓடிப்போயிருந்தான். ரப்பரை வாங்க ஆளில்லை. பால்மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளிக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஆறுமுகம் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. மேலே யார் இருந்தாலும் காலையில் தலை எண்ணும் பெரட்டுக்கு ஆள் நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம். நஸ்ருதீனை அவர் பழைய ஸ்டோரில் தங்க வைத்தார். முன்பு ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்திய மரக்கட்டடம் அது. கீழே அடுப்பு, மேலே ஷீட் தொங்கவிடும் பரண். சிங்கப்பூர் அறை அந்தக் கட்டடத்துக்குள் போய், இரண்டு முறை திரும்பிப் பார்த்து, பரண் வரை விரிந்து பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

தோட்டத்தார் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் காய்ச்சலில் தூங்க முடியாத பிள்ளைகளைத் தாய்மார் தூக்கி வந்தார்கள். அங்கே போட்டதும் பிள்ளைகள் தூங்கின. பிறகு பெரியவர்கள் பேச வந்தார்கள். உள்ளே சொல்வது வெளியே கேட்காது என்று தெரிந்துபோயிற்று. அந்தக் காலத்தில் ரேடியோ கேட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னாலே ஆள் திரும்பி வரமாட்டான். ஜப்பான்காரனைத் திட்ட வேண்டியவர்கள் அங்கே வந்து ஆற அமரத் திட்டினார்கள். ஒரு தம்பதி வாரம் ஒருமுறை வந்து சண்டை போட்டுவிட்டுச் சமாதானமாகி லயத்து வீட்டுக்குத் திரும்பினார்கள். செத்த மகனுக்காக வாய்விட்டு அழ ஒரு கிழவர் வந்தார். நஸ்ருதீன் அப்போதெல்லாம் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கைகளை மடியிலேயே வைத்திருப்பார். அவர் கையைத் தூக்கினால் அறை சத்தத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அவர் ஜோகூர் ரோட்டிலேயே தெரிந்துகொண்டிருந்தார். பூச்சி கடித்து வெறுமனே கையைத் தூக்கியபோது தூரத்து மசூதியின் பாங்கோசை அறைக்குள் தங்கிவிட்டது. மூன்று நாள் கழித்து அது தானாக ஒலித்தது. மைக்கும் மெழுகும் இல்லாமல் அறை எப்படிப் பதிகிறது என்று அவர் யோசிக்கவில்லை. அத்தனை வருஷம் பழகிய வேலை, அதற்கு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்து மாட்டுவண்டியை ஓட்டியவன் சன்னாசி. மரவள்ளிக்கிழங்கைச் சிரம்பான் முகாமுக்கு அவன்தான் கொண்டுபோனான். அதனால் ஜப்பானியர் அவன் கையில் ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டிருந்தார்கள்; அந்தப் பட்டை இருக்கிறவனை வேறெங்கும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். வண்டியில் போகும்போது அவன் பாடுவான். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல. மாரியம்மன் கோயில் திருவிழாவில் பாடியதும், வண்டித்தடத்தில் தானே கட்டியதும் கலந்திருக்கும். நஸ்ருதீன் அந்தக் குரலை ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து முதன்முதலாகக் கேட்டார். அறைக்குள் இருக்கிறவருக்கு வெளிச்சத்தம் கேட்காது. அந்தக் குரல் மட்டும் எப்படியோ கேட்டது.

“ஒருதரம் உள்ள வந்து பாடேன்,” என்றார்.

“எதுக்கு பாய்? ரிக்கார்டு போட்டு விக்கவா?”

“விக்க முடியாது. சும்மா இருக்கட்டும்.”

சன்னாசி சிரித்துவிட்டுப் போனான். அவன் மனைவி பஞ்சாலை அப்போது முழுகாமல் இருந்தாள். கடுமையான பேச்சுக்காரி, மண்டோரே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார். அவள்தான், “பொறக்கப் போற பிள்ளைக்கு ஒரு பாட்டு பாடி வையுங்களேன், நகை நட்டா சேத்து வெச்சிருக்கோம்?” என்று அவனை அனுப்பினாள். ஒரு மத்தியானம் அவன் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணமிட்டான். நஸ்ருதீன் சிங்கப்பூருக்குப் பிறகு முதல் தடவையாக வேண்டுமென்றே கையைத் தூக்கினார். சன்னாசி மூச்சு இழுத்து, பிள்ளைக்கான தாலாட்டைத் தொடங்கினான். குழந்தை போகப்போகிற தடங்களையெல்லாம் அந்தப் பாட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டு போயிற்று: கிணற்றடி, கோயில், வண்டித்தடம், கடற்கரை. கடற்கரைக்கு வந்தபோது மண்டோர் கதவைத் திறந்து, வண்டி கட்ட வேண்டும் என்று சைகை காட்டினார். சன்னாசி எழுந்தான். “மீதியை அப்புறம் வந்து பாடுறேன் பாய்.” நஸ்ருதீன் கையை இறக்கினார்.

அதன் பிறகு சயாமுக்கு ஆள் பிடிக்க லாரிகள் வரத் தொடங்கின. காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. லாரி வருகிறது என்று ரோட்டோரத்து மலாய்க்கார வீடுகளிலிருந்து தகவல் வந்ததும் தோட்டத்து ஆண்கள் ஸ்டோர்ப் பரணில் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். பாதிப்பேருக்கு மலேரியா. பல் கிட்டித்து, இருமி, முனகிக்கொண்டு கிடப்பார்கள். கீழே நஸ்ருதீன் ஈர விறகை வைத்து அடுப்பை மூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். சிப்பாய்கள் கதவைத் திறந்து புகையைப் பார்ப்பார்கள். தலைக்கு மேலே இருபது பேர் இருமுவது அவர்கள் காதில் விழாது. மண்டோர் ஆறுமுகம் பெரட்டுக் களத்தில் கிழவர்களையும் நொண்டிகளையும் நிறுத்தி, “இவங்கதான் மிச்சம்” என்பார். பல தடவை இப்படியே நடந்தது.

ஒருநாள் லாரியோடு ஓர் அதிகாரியும் வந்தான். சைதூன் பீவியின் கடையில் யாரோ யாரிடமோ பேசியது அவன் காதுக்குப் போயிருந்தது. சிங்கப்பூர் ரேடியோ நிலையத்தில் ஒலிப்பதிவு மிஷின் தெரிந்த ஆள் வேண்டுமாம். அப்படி ஒருவன் இந்தத் தோட்டத்தில் ஒளிந்திருக்கிறானாம். மொழிபெயர்ப்பாளன் களத்தில் நின்று, “நஸ்ருதீன் யார்?” என்று கேட்டான். மண்டோர் பதில் சொல்லவில்லை. அதிகாரி அவரை அறைந்தான். பிறகு ஸ்டோரைக் கைகாட்டி ஏதோ சொன்னான். சிப்பாய்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நஸ்ருதீனை வெளியே இழுத்தால் அறையும் அவரோடு வெளியே வந்துவிடும். பரணில் கிடந்தவர்களின் இருமல் அப்புறம் களம் வரை கேட்கும். இது களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்ற சன்னாசி, புறங்கையால் நெற்றித் திருநீற்றைத் துடைத்தான். கைப்பட்டையை அவிழ்த்து மாட்டின் கழுத்துக் கயிற்றில் செருகினான். “நான்தான் நஸ்ருதீன்,” என்றான்.

மொழிபெயர்ப்பாளன் தமிழன். அவன் சன்னாசியின் நெற்றியில் ஒட்டியிருந்த மிச்சத் திருநீற்றைப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம், இவன்தான் என்றான்.

பஞ்சாலை கிழங்குக் கொல்லையிலிருந்து, புருஷன் லாரியில் ஏறுவதைப் பார்த்தாள். ஏதோ வேலையாகச் சிரம்பானுக்குப் போகிறான் என்று நினைத்தாள். வெயில் சாயும் வரை வண்டி மாடுகளோடு அங்கேயே நின்றது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அவள் ஸ்டோர் வாசலுக்கு வந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை. பரணிலிருந்து இறங்கியவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நழுவிப் போனார்கள். நஸ்ருதீன் வெளியே வந்து நின்றார். அறையும் கூடவே வந்து அவள்மேல் கவிந்தது. அவள் பின்னால் நகர்ந்து அதிலிருந்து விலகினாள். தான் சொல்வது எல்லார் காதிலும் விழ வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

“அவருக்குப் பட்டை இருந்துச்சு பாய். யாரும் அவரைத் தொட்டிருக்க மாட்டாங்க. உங்க ரூமு ஊரையெல்லாம் காப்பாத்தட்டும். எனக்கு அது வேணாம்.”

நஸ்ருதீனின் வாய் அசைந்தது. அவர் சொன்னது வெளியே கேட்கவில்லை.

நஸ்ருதீனைப் பிடித்தாயிற்று என்று ஜப்பானியர் அந்த விஷயத்தை முடித்துவிட்டதால் அதன் பிறகு அவரை யாரும் தேடவில்லை. பிடிபட்டுப் போன ஒரு மனிதனின் பெயரை வைத்துக்கொண்டு அவர் தோட்டத்தில் இருந்தார். பஞ்சாலைக்குப் பெண் பிறந்தது. செல்லம் என்று பெயர் வைத்தாள். நஸ்ருதீன் தினமும் காலையில் அவள் வீட்டு வாசலில் விறகும் கிழங்கும் வைத்துவிட்டுப் போனார். அவள் எடுத்துக்கொண்டாள், பேசவில்லை. இப்படி ஒரு வருஷம் போய் இன்னொன்றும் போனது. தோட்டத்தில் எல்லோரும் சாக்கு உடுத்தினார்கள். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கூடையில் கொண்டுபோனாலும் ஒரு முழம் துணி கிடைக்கவில்லை. லாரிகள் வந்தன, பரணில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். சிலர் அப்படியும் வழியில் பிடிபட்டார்கள். வீரமுத்து என்ற பால்வெட்டுக்காரன் அப்படித்தான் போனான்.

செல்லத்துக்குப் பேச்சு வரும் வயதில், அவள் ஒருநாள் காலையில் காணாமல் போனாள். பஞ்சாலை லயமெல்லாம் தேடிவிட்டு, வேறு வழியில்லாமல் ஸ்டோருக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது. நஸ்ருதீன் ஒரு மூலையில், இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவர் எந்தச் சைகையும் செய்யவில்லை. ஆனாலும் சன்னாசி பாடிக்கொண்டிருந்தான். குழந்தை அடுப்புக்குப் பக்கத்தில், குரல் வருகிற இடத்தைப் பார்த்துச் சம்மணமிட்டிருந்தது. கிணற்றடி வந்தது, கோயில் வந்தது, வண்டித்தடம் வந்தது. கடற்கரையில் பாட்டு நின்றது. பஞ்சாலை உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள்.

“இன்னொருதரம்,” என்றாள்.

அவர்கள் மத்தியானம் வரை கேட்டார்கள். அதன் பிறகு அவள் பல நாள் வந்தாள். நஸ்ருதீனிடம் அப்போதும் அதிகம் பேசவில்லை. ஆனால் அவருக்கும் சேர்த்துக் கிழங்கு அவித்து எடுத்து வந்தாள்.

ஜப்பான் தோற்றது. மழைக்காலம் முடிந்து வெகு நாளைக்குப் பிறகு வீரமுத்து சயாமிலிருந்து திரும்பினான். கால் முழுக்கப் புண்ணோடு, பாதி எடையில் வந்திருந்தான். இரண்டு நாள் கஞ்சி குடித்துத் தேறிய பிறகு பஞ்சாலையைப் பார்க்க வந்தான். சிரம்பானில் சன்னாசியின் முன்னால் ஒரு மிஷினை வைத்து ஓட்டச் சொன்னார்களாம். தெரியவில்லை என்றதும் அடித்துப் போட்டு, சயாம் ரயிலில் ஏற்றிவிட்டார்களாம். முகாமில் இருவரும் ஒரே கொட்டகையில் இருந்திருக்கிறார்கள்.

“அங்க யாராச்சும் பாடினா கொஞ்சம் ஆறுதலா இருக்கும் அக்கா. நாங்க எல்லாம் கேட்டோம். வாயைத் திறந்தாரு, சத்தமே வரலை. பேச்சு வரும், பாட்டு வராது. ‘அதைத் தோட்டத்துலயே வெச்சிட்டு வந்துட்டேன்டா, எடுத்துட்டு வந்திருந்தா இங்க வீணாப்போயிருக்கும்’னாரு.” வீரமுத்து கால் புண்ணில் உட்கார்ந்த ஈயை விரட்டினான். “வாந்திபேதி வந்துச்சு. ஒரே நாள்தான். நான் பக்கத்துல இருந்தேன்.”

பஞ்சாலை அழவில்லை. அவனுக்குச் சோறு போட்டாள். பிறகு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். நஸ்ருதீன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். உள்ளே அவள் சன்னாசியிடம் வீட்டு விஷயங்களைச் சொன்னாள்: மாடு கிழடாகிவிட்டது, செல்லத்துக்கு அவனுடைய காது, வீரமுத்து வந்து எல்லாம் சொன்னான், இனி அவன் சயாமில் கிடக்க வேண்டியதில்லை. பிறகு பாட்டு தொடங்கியது. கடற்கரை வந்தது. அங்கே எப்போதும் நிற்கும். அன்றைக்கு ஒரு மூச்சு இழுக்கும் ஓசை கேட்டது. பாட்டு மேலே போனது. கடற்கரையில் அலை வாங்கிய சுவடு, உப்புக் காற்று, வீடு திரும்பும் வண்டி, வாசலில் விளக்கு, தூக்கம். தாலாட்டு முறையாக முடிந்தது. அந்த வரிகளை அந்த அறையில் யாரும் பாடவில்லை. அறைக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் நஸ்ருதீனுக்கு அது நிச்சயமாகத் தெரியும். அவர் வாசல்படியில் உட்கார்ந்து, சிங்கப்பூர் இடிந்தபோதுகூட அழாதவர், முழங்காலில் முகத்தை வைத்து அழுதார். பஞ்சாலை வெளியே வந்தபோது அவர் தோளில் கையை வைத்தாள்.

“எழுந்திருங்க பாய்,” என்றாள். “பிள்ளைக்குப் பசிக்குது. உங்களுக்கும் சேத்து ஒல வெக்கிறேன்.”

கானவல்லிக் கம்பெனியை முதலாளியின் மகன் மறுபடி திறந்தபோது நஸ்ருதீனுக்கு ஆள் அனுப்பினான். அவர் அலுமினியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டு நடந்தார். ரோடு திருப்பத்தில் தவளைச் சத்தம் கேட்டது. காட்டுக்கோழி கூவியது, யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள், எல்லாம் நேராகக் காதுக்குள் வந்து விழுந்தன. அவர் திரும்பிப் பார்த்தார். அறை வரவில்லை. சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

சிங்கப்பூரில் புதிதாக ஓர் அறை கட்டினார்கள். எத்தனை பஞ்சு அடைத்தும் எல்லாத் தட்டிலும் ரிக்‌ஷா மணியும் மீன்காரன் குரலும் விழுந்தன. ஒரு பாடலில் பக்கத்து வீட்டுச் சண்டை முழுக்கப் பதிவாகி, அதற்காகவே அந்தத் தட்டு நன்றாக விற்றது. முதலாளியின் மகனுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் நஸ்ருதீன் யோசனை சொல்ல, கம்பெனி பாடகர்களையும் வாத்தியங்களையும் மிஷினையும் லாரியில் ஏற்றி நெகிரி செம்பிலானுக்கு அனுப்பத் தொடங்கியது. கல்லுமலையில் லாரி வருகிறது என்றதும் முதல் தடவை ஆண்கள் பழக்கத்தில் பரணில் ஏறிவிட்டார்கள். மண்டோர் ஆறுமுகம் போய்ச் சொல்லி இறக்கினார்.

கம்பெனியின் விலாசம் அதன் பிறகும் சிராங்கூன் ரோடுதான். பாட்டு பதிவானது தோட்டத்து ஸ்டோரில். சாவி பஞ்சாலையிடம் இருந்தது. அவளுடைய அனுமதி இல்லாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது; பாட வந்தவர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போவார்கள். முதல் நாள் பாடிய ஒரு பெயர்பெற்ற பாடகர் பாதியில் நிறுத்தி, கூட யாரோ பாடுகிறார்கள் என்று புகார் சொன்னார். அவர் சொன்னது சரிதான். நஸ்ருதீனின் காதுக்கும் அது கேட்டிருந்தது.

பஞ்சாலை கதவோரம் நின்றிருந்தாள். “அது எங்க வீட்டுக்காரரு,” என்றாள். “நீங்க பாடுங்க.”

பாடகர் நஸ்ருதீனைப் பார்த்தார். நஸ்ருதீன் தலையசைத்தார். ஹார்மோனியக்காரர் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார், இன்னொன்றை அழுத்திப் பார்த்தார், சன்னாசிக்கு அரைக்கட்டை கீழே இறங்கினால் சரியாக இருக்கும் என்றார். எல்லோரும் சுருதி இறங்கிக்கொண்டார்கள். நஸ்ருதீன் கையைத் தூக்கினார்.